பாஸ்போர்ட்டைத் தின்ற சம்பல்

1

என் பாஸ்போர்ட்டைச் சம்பல் தின்று இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நான் பிறந்த ஈப்போவில் இருந்து இதைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். மலாய்க்காரர்களின் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் வைக்கிற மிளகாய்ச் சம்பல் இல்லை. எங்கள் வீட்டு நாய். காய்ந்த மிளகாயை அரைத்த நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். சென்னையில் யாருக்கும் அது பிடிபடவில்லை. "சாம்பலா?" என்று கேட்கிறார்கள். கால்நடை மருத்துவமனைச் சீட்டில் ‘சாம்பார், பெண், நாட்டு நாய்’ என்றே எழுதியிருக்கிறது.

நான் சென்னைக்கு வந்து பதினாறு வருடங்கள். என் கணவர் அருள் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் தாத்தா, அப்பா, இரண்டு அத்தைகள் எல்லோரும் ஆசிரியர்கள். இவரும் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். இளம் வயதில் இரண்டு வருடம் ஈப்போவில் டியூஷன் சென்டரில் வேலை பார்க்க வந்தவர், எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தார். நானும் அதில் பாடினேன். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இப்போது பெசன்ட் நகரில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. ஒரே மகள் ஜோவிதா. போன வருடம் அவளுக்குப் பதினான்கு.

அதற்கு முந்தைய டிசம்பரில் ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கப் போனபோதுதான் சம்பல் கிடைத்தாள். நான் வழக்கமாக மீன் வாங்கும் கன்னியம்மா, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு மாதக் குட்டியைத் தூக்கி ஜோவி கையில் கொடுத்துவிட்டாள்.

"எட்துக்கினு போ கண்ணு. இங்கியே இருந்தா ஏதாச்சும் வண்டில மாட்டிக்கும்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் குட்டி ஜோவியின் சட்டைக்குள் போய்விட்டது.

மாநகராட்சியில் சம்பலுக்கு உரிமம் எடுத்தோம். ஊசி போட்ட சான்றிதழும் ஒரு புகைப்படமும் கொடுத்தோம்; சீக்கிரமே வந்துவிட்டது. நான் இந்த ஊரில் தங்குவதற்கான காகிதங்கள் கைக்கு வர எத்தனை தடவை வரிசையில் நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். அருளிடம் சொன்னேன், "பாருங்க, உங்க ஊர்ல நாய்க்கு இருக்கற மரியாதைய." அவர் சிரித்தார். அந்த மாதங்களில் எல்லோருமே சிரித்துக்கொண்டிருந்தோம். கூப்பிட்டால் ஓடி வருவாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள். இப்படி ஒரு நாய் உண்டா என்று டேவிட்டுக்கு, அதாவது என் தம்பிக்கு, தினமும் வீடியோ அனுப்பினேன்.

2

எட்டாவது மாதத்தில் யாரோ நாயை மாற்றி வைத்துவிட்டார்கள்.

அப்படித்தான் தோன்றியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். காது கேட்டது, புரிந்தது, இரண்டும் முகத்திலேயே தெரியும். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போவாள். அதுவரை வாட்ச்மேனைக் கண்டால் வாலாட்டியவள், அவரைப் பார்த்துக் குரைத்தாள். தினமும் தாண்டிப் போகும் இளநீர் வண்டியின் நீலத் தார்ப்பாயைக் கண்டு திடீரென்று பயந்து ரோட்டிலேயே படுத்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்த என் தோள்பட்டை வீங்கியது. சாயங்காலம் ஆறு மணியானால் வெறி பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடி என் கணுக்காலைக் கவ்வினாள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு செருப்பு போனது. அருள் திருத்தி வைத்த விடைத்தாள்களில் நான்கு போயின. அந்த நான்கு பிள்ளைகளின் பெற்றோரிடம் அவர் பேசியதைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

அடையாறில் இருக்கும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் வாயைத் திறந்து பற்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. டீனேஜ். மனுஷங்களுக்குப் பதினாலு வயசு மாதிரின்னு வெச்சுக்கங்க."

"எவ்ளோ நாளைக்கு டாக்டர்?"

"ஒன்றரை வயசு. சிலதுக்கு ரெண்டு. கத்துக்கிட்டதெல்லாம் மறந்துட்ட மாதிரி இருக்கும். மறக்கல. அடிக்காதீங்க, கத்தாதீங்க. எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்லுங்க. ஆமா, வீட்ல எப்படிக் கூப்பிடறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. அருள் ஆங்கிலத்தில் ‘கம்’ என்பார். ஜோவி ‘வாடி’ என்பாள். எனக்கு மட்டும் அவசரத்தில் மலாய்தான் வரும். ‘மாரி! மாரி!’ என்று நான் பீச்சில் கத்தினால் நாய் திரும்பாது, படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மாரி என்ற மீனவர்தான், "இன்னாம்மா, என்னியா கூப்ட்ட?" என்று எழுந்து வருவார்.

பதற்றமாக இருக்கும்போது பழைய நாக்கு வந்துவிடுகிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ரங்கராஜன் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். மயிலாப்பூரில் இருந்து மகன் வீட்டுக்குக் குடிவந்த பெரியவர்.

"ஆத்துல பேரன் தூங்கவே முடியலம்மா. நீங்க வெளில போனா இது கொலைச்சுண்டே இருக்கு. நாலு பேர் கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துட்டா."

அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற பதைப்பில், "உள்ள வாங்க சார், தண்ணி கலக்கட்டுமா?" என்றேன். ஈப்போவில் அதற்கு டீ போடட்டுமா என்று அர்த்தம். அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"காலங்கார்த்தால என்னம்மா இது! நான் அதெல்லாம் தொடறதே இல்ல."

அருள் ஓடிவந்து விளக்கினார். ரங்கராஜன் சார் காபி குடித்தார். போகும்போது, "ஒரு மாசம் பாக்கலாம். அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாயைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது ஜோவிதான். ஆனால் அந்த நேரத்தில் ஜோவியே எங்களோடு இல்லை. மார்ச் மாதம் அருள் அவளுடைய போனை எடுத்துத் தோழிக்கு அவள் எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். அன்றிலிருந்து அப்பாவிடம் அவள் பேசியது ஒரே ஓர் எழுத்து. ‘ம்’. சாப்பிட்டியா? ம். ஃபீஸ் கட்டணுமா? ம். அறைக்கதவு சாத்தியே இருக்கும். சம்பல் அந்தக் கதவைப் பிறாண்டிவிட்டு என்னிடம் வந்து படுத்துக்கொள்வாள்.

3

டேவிட்டுக்கு ஜூன் கடைசியில் கல்யாணம். பள்ளி நடக்கும் நேரம் என்பதால் எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் சம்பல் சோபாவுக்குக் கீழே படுத்திருக்கிறாள். முன்னங்கால்களுக்கு நடுவே பாதிப் பாஸ்போர்ட். என் படம் இருந்த பக்கத்தில் ஒரு காது மட்டும் மிச்சம்.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு ஓடினேன். எப்படிச் சேதமானது என்று எழுதித் தரச் சொன்னார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் மலாயில், "நாய் தின்றுவிட்டது" என்றேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "முழுசாகவா?" என்று கேட்டார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வேகமாகச் செய்துகொடுத்தார்கள். ஆனாலும் இரண்டு அலுவலகம், நான்கு படிவம், ஊருக்குப் போய்ச்சேர மட்டும் உதவும் ஒரு தற்காலிக ஆவணம். கல்யாணத்துக்கு நான் போவேனா மாட்டேனா என்பது கடைசி நாள் வரை தெரியவில்லை. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தம்பி கல்யாணத்தில் அம்மாவின் இடத்தில் நிற்க வேண்டியவள் நான்.

தூதரகத்தில் இருந்து நான் வீடு திரும்பிய சாயங்காலம் அருள் சொன்னார், "போதும். என் கூட வேலை செய்றவர் ஒருத்தருக்குத் திருப்போரூர் பக்கம் தோப்பு இருக்கு. ஓடியாட இடம் இருக்கு. நீ ஊருக்குப் போயிருக்கும்போது நான் கொண்டுபோய் விட்டுடறேன். நீ பாக்க வேணாம்."

நான் மறுக்கவில்லை. அதை இங்கே ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும். தோள் வலி, நான்கு புகார்கள், கிழிந்த பாஸ்போர்ட். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜோவியின் கதவைத் தட்டிச் சொன்னேன். அவள் போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ம்" என்றாள். அதுவரை அந்த ‘ம்’ அப்பாவுக்கு மட்டும்தான் இருந்தது.

4

ஈப்போவில் இறங்கியதும் என் நாக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. பெரியம்மா மகள் லெட்சுமி, "பசியாறிட்டியாக்கா?" என்று கேட்டபோது, காலைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று புரியாமல் நான் அரை நொடி விழித்தேன். பிறகு அவள் ஏதோ கேட்க, "இன்னாது?" என்றேன். அடுக்களையே சிரித்தது. "அக்கா முழு மெட்ராஸ்காரி ஆயிட்டாங்க லா!"

குடிநுழைவு அலுவலகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பாவும் நானும் முன்கேட்டில் வாழை கட்டிக்கொண்டிருந்தோம். அங்கே காம்பவுண்டு மூலையில் ஓர் இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. எனக்குப் பத்து வயதில் பிளாக்கி என்று ஒரு நாய் இருந்தது. அதைக் கட்டிப் போட்ட வளையம். பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கடித்தது, தண்ணீர்க் குழாயைக் கடித்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றார்கள்.

"அப்பா, பிளாக்கி நெசமாவே ஓடிப்போச்சா?"

அவர் கயிற்றைக் கட்டி முடித்தார்.

"நான்தான் லாரில கொண்டுபோயி ரப்பர் தோட்டத்துல விட்டேன். ஒரு வயசுகூட ஆவல அதுக்கு. ஓடி வரும்னு நெனச்சேன், வரல. அங்கேயே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடில தெரிஞ்சுச்சு."

உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. புடவை கட்டி முடித்ததும் முதல் வேலையாக அருளை அழைத்தேன். "நாய எங்கயும் விடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சொன்னார், "நேத்துக் காலைல இருந்து காணோம். உங்கிட்ட கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

பதினாறு வருடமாக ஈப்போவில் இருந்து இப்படிப்பட்ட போன்கள் எனக்கு வந்திருக்கின்றன. அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவுக்கு ஆபரேஷன், வெள்ளத்தில் வீடு. ஒவ்வொரு முறையும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்திருக்கிறேன். முதல் தடவையாக நான் ஈப்போவில் நின்றுகொண்டு சென்னைக்காகக் கையைப் பிசைந்தேன். என் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணமேடையில் அம்மாவின் இடத்தில் நின்றேன். கைப்பைக்குள் போன் இருந்தது.

5

நடந்ததை அருளும் ஜோவியும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அருள் சம்பலைக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தோப்புக்கு அனுப்புவதற்கு முன் கடைசி நடை என்று நினைத்திருப்பார் போல. ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பறையும் பட்டாசும். சரவெடி வெடித்ததும் சம்பல் பின்னால் இழுத்து, கழுத்துப் பட்டையில் இருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். அருள் கையில் வெறும் பட்டை.

அருள் பள்ளிக்குப் போகவில்லை; ஜோவிக்கு அன்று விடுமுறை. பெசன்ட் நகர் அவென்யூக்கள் முழுக்க நடந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து ஜோவியின் கதவைத் தட்டினார். அவள் திறந்தபோது அவர் கையில் இருந்த பட்டையைப் பார்த்தாள்.

"ஓடிட்டா. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கறா. நீயும் வந்து கூப்பிடறியா?"

ஜோவி என்னிடம் சொன்னது: "அப்பா அழுதாரும்மா. நான் பாத்ததே இல்ல. என்ன பண்றதுன்னே தெரியல, செருப்பு போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

அன்று முழுவதும், மறுநாள் காலையும் இருவரும் நடந்தார்கள். நான்கு மாதத்துப் பேச்சு அந்தத் தெருக்களில்தான் திரும்பி வந்தது. முதலில் ‘அந்தப் பக்கம் பாத்தாச்சா’, ‘இந்தப் பக்கம் போலாம்’ என்று இருந்தது. பிறகு ஒரு டீக்கடை முன்னால் அருள், "உன் போனைப் பாத்தது தப்பு. பயத்துல பண்ணிட்டேன். இனிமே தொட மாட்டேன்" என்றாராம். ஜோவி ‘ம்’ சொல்லவில்லை. "சரிப்பா" என்றாளாம்.

சனிக்கிழமை மதியம் ஊரூர் குப்பத்துக்குள் போனார்கள். அங்கேயுள்ள சந்துகளில் இருவர் சேர்ந்து நடக்க முடியாது, முன்னும் பின்னுமாகப் போனார்கள். கன்னியம்மா அவர்களைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம்.

"இன்னா சார், இப்பதான் வர்ற? வெடி சத்தத்துக்கு ஓடியாந்து என் ஐஸ் பெட்டிக்குப் பின்னால பூந்துக்கினு கீது. நேத்துலருந்து வரவே மாட்டேங்குது. கிட்டப் போனா உறுமுது. உங்க நம்பர் எங்கிட்ட இல்ல, நான் இன்னா பண்றது?"

அருள் குனிந்து கூப்பிடப் போனார். ஜோவி அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள். தரையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை, கையை நீட்டவில்லை. மெதுவாக ஒரே தடவை, "வா" என்றாள். பிறகு காத்திருந்தார்கள். கன்னியம்மா மீன் வெட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாளாம். எவ்வளவு நேரம் என்று இருவரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். கடைசியில் சம்பல் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வந்து ஜோவியின் மடியில் தலையை வைத்தாள்.

எனக்குப் படம் வந்தபோது ஈப்போவில் விருந்து நடந்துகொண்டிருந்தது. படத்தில் மூன்று பேருடைய முகமும் அழுக்கு. டேவிட் எட்டிப் பார்த்தான். "என்னாக்கா, மாப்பிள்ளை நான், அழறது நீயா?"

6

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை.

நான் திரும்பி வந்த மூன்றாம் நாள் சம்பல் என் புதுச் செருப்பைத் தின்றாள். பாஸ்போர்ட் மட்டும் இரும்பு அலமாரிக்குப் போய்விட்டது. தோப்புக்காரரிடம் அருளே வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். வீட்டுக்குள் ஜோவியின் சட்டங்கள் வந்திருந்தன. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: ‘வார்த்தை: வா. ஒரு தடவைதான். வரலேன்னா கத்தக் கூடாது. வந்தா திட்டவே கூடாது.’ கீழே அடிக்கோடிட்டு, ‘அம்மா, மாரி கிடையாது.’

கன்னியம்மா பழைய நைலான் கயிறு ஒன்று கொடுத்தாள். நீளமான கயிறு. அதைக் கட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்கு அருளும் ஜோவியும் மணலுக்குப் போவார்கள். உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலியைக் கன்னியம்மா தனியாக எடுத்து வைத்தாள். வந்தால் ஒரு நெத்திலி. வராவிட்டால் கயிறு இருக்கிறது, ஓட முடியாது, காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் அருளுக்குக் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் நாற்பது பேரை ஒரே பார்வையில் உட்கார வைப்பவர், மணலில் நின்று ஒரு நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜோவி, "அப்பா, இன்னொரு தடவ சொல்லாதீங்க" என்பாள். அவர் வாயை மூடிக்கொள்வார்.

ரங்கராஜன் சார் கொடுத்த மாதம் முடிந்தது. குரைப்பது பாதிதான் குறைந்திருந்தது. நாங்கள் வெளியே போகும் நேரங்களை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டு வருவதை நான் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். "என் பேரன் நேத்திக்கு ரிமோட்டைத் தூக்கி மீன் தொட்டில போட்டுட்டான். அவனை யார்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றது? இன்னும் கொஞ்ச நாள் பாருங்கோ" என்றார்.

செப்டம்பரில் சம்பலுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். அக்டோபரில் நன்றாக இருந்தாள். தீபாவளி வெடியில் எல்லாம் கெட்டு, குளியலறைக்குள் ஒரு வாரம் படுத்துக்கிடந்தாள். மறுபடி முதலில் இருந்து. ஜனவரியில் ஒருநாள் கயிறு கையில் இருந்து நழுவிவிட்டது. எதிரே இரண்டு நாய்கள், ஒரு காக்கைக் கூட்டம். சம்பல் பாதி தூரம் ஓடிவிட்டாள். ஜோவி அடிவயிற்றில் இருந்து கத்தாமல், தாளில் எழுதியிருந்தபடியே, "வா" என்றாள். சம்பல் நின்றாள். காக்கைகளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அந்த இரண்டு நொடியில் அவள் மண்டைக்குள் என்ன நடந்ததோ, திரும்பி நேராக ஓடிவந்தாள். அருள் கையில் இருந்த நெத்திலி மொத்தத்தையும் கொட்டிவிட்டார்.

7

இப்போது சம்பலுக்கு இருபது மாதம். பட்டாசுக்கு இன்னமும் பயம். ரங்கராஜன் சாரின் பேரன் அவள் முதுகில் சாய்ந்து படம் பார்க்கிறான். ஜோவிக்குப் பதினைந்து. கதவு சில நாள் திறந்திருக்கும், சில நாள் சாத்தியிருக்கும். சாத்தியிருக்கும் நாட்களில் நாங்கள் தட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். அடுத்த முறை என்னோடு ஈப்போவுக்கு வருவதாகவும், அதற்குள் தனக்கு மலாய் கற்றுத்தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். வருவாளா, பாதியில் ஆர்வம் போய்விடுமா, தெரியாது.

நேற்று மாலை கீழ் வீட்டுப் பெண் வந்தாள். புதிதாகக் குடிவந்தவள், ஐ.டி. வேலை. கையெல்லாம் கீறல். அவளுடைய லாப்ரடார் குட்டிக்கு எட்டு மாதமாம்.

"ஆன்ட்டி, போன மாசம் வரைக்கும் தங்கமா இருந்தான். இப்ப யாரோ மாதிரி இருக்கான். வீட்ல வேணாங்கறாங்க. உங்க நாய் எப்படி இவ்ளோ அமைதியா இருக்கு? டிரெய்னர் யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் ஜோவி அறையில் இருந்து வெளியே வந்தாள்.

"டிரெய்னர்லாம் இல்லக்கா. ஒரு கயிறு, கொஞ்சம் நெத்திலி, ஒரே வார்த்தை. மத்தபடி அவளே வளந்துட்டா."

"அவ்ளோதானா?"

ஜோவி கொஞ்சம் யோசித்தாள். "வளர்ற வரைக்கும் யாரும் அவள எங்கயும் அனுப்பல. அவ்ளோதான்."

உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அருளின் பேனா நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு அவனக் கூட்டிக்கிட்டு பீச்சுக்கு வாங்க" என்றாள் ஜோவி. பிறகு அவரைக் கேட்காமலேயே சொன்னாள், "அப்பாவும் வருவாரு."